காசு கட்டாத பந்தயம்

மே 7, ஞாயிறு

கத்திரி வெயில். காலை ஒன்பதுக்கே கடை வாசலில் தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்கிறது.

இது போன வருஷத்து டைரி. நூல் கடைக்காரர் கொடுத்தது. கிழமை எல்லாம் ஒரு நாள் பிந்தி நிற்கிறது, அடித்துத் திருத்தி எழுதுகிறேன். ஓசி டைரியில் கிழமையும் சரியாக இருக்க வேண்டும் என்றால் அது பேராசை.

வெள்ளிக்கிழமை வாலிபால் போட்டி ஆரம்பம். பத்து நாள். மைதானத்து சைக்கிள் ஸ்டாண்ட் இந்த வருஷமும் எனக்குத்தான். செய்ய வேண்டியது:

மூங்கில், கயிறு.
டோக்கன் தகடு ஜோடி பார்க்க. ஒன்று ஹேண்டில்பாரில், ஒன்று ஆள் கையில். ஜோடி இல்லாதது எத்தனை என்று தெரியவில்லை.
போர்டுக்குப் புது பெயிண்ட். 'டோக்கன் கொண்டு வருபவருக்கே சைக்கிள்.'
துவரம்பருப்பு கால் கிலோ.
பந்தயம் கட்டாமல் இருக்க.

கடைசியில் எழுதியதுதான் பெரிய வேலை. மற்றதெல்லாம் அரை நாள்.

போன வருஷம் பைனலில் கோதையின் தையல் மிஷினைக் கட்டித் தோற்றேன். கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கொடுத்தது. பந்தயத்தில் ஜெயித்த கோவில்பட்டிக்காரன் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். தூக்கும்போது ஊசிக்கு அடியில் பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று. அதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனவள்தான். மாசியில் போய்க் கூப்பிட்டேன். திட்டவில்லை. "அடுத்த மேட்சு முழுசும் முடியட்டும். ஒத்தப் பந்தயம் கட்டாம இருந்தீகன்னா பொறவு பேசுவோம்" என்றாள்.

பொறவு பேசுவோம் என்றுதான் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் நான் திரும்பி வரும்போது பதினொரு கிலோமீட்டரும் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தேன்.

மே 9, செவ்வாய்

வெயில். காற்று இல்லை. சோறு குழைந்து போனது. ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஒரு வருஷமாகியும் பிடிபடவில்லை. அவள் இருந்தபோது நான் உலை வைத்ததே கிடையாது.

மேட்சு பார்க்காமல் இருக்க முடியாது, ஸ்டாண்ட் மைதானத்தில்தான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. யார் ஜெயிப்பான் என்று சொல்லாவிட்டால் எனக்குத் தொண்டையில் முள் நின்ற மாதிரி. ரெண்டு நாளாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

காசு கட்டாத பந்தயம்.

சைக்கிள் விடுகிற எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் டோக்கன் நம்பர், இன்றைக்கு எந்த டீம் ஜெயிக்கும், எத்தனைக்கு எத்தனை. எழுதிப் பழைய பிஸ்கட் தகர டப்பாவில் போட வேண்டியது. மூடியில் உளி வைத்து ஒரு வாய் வெட்டிவிட்டேன். சரியாகச் சொன்னவருக்கு மறுநாள் ஒரு பஞ்சர் இலவசம். பஞ்சர் இல்லாதவருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பது. பத்து நாளும் சேர்த்து அதிகம் சரியாகச் சொன்னவருக்கு ஒரு ஓவராயிலிங். காசு உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது.

சீட்டுக்குக் காகிதம்: பழைய வாடகை நோட்டுகள். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

மே 12, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. மலைப்பக்கம் மட்டும் இருட்டிக் காட்டி ஏமாற்றியது.

முதல் நாள். சைக்கிள் இருநூற்றுக்கு மேல். டப்பாவில் சீட்டு எழுபத்து மூன்று. எதிர்பார்க்கவில்லை. முதலில் யாரும் நம்பவில்லை. ஒரு வாத்தியார், "காசு வாங்காம எதுக்குவே இதெல்லாம், கம்பெனி விளம்பரமா?" என்று கேட்டார். அவர் பின் டயர் சப்பையாக இருந்தது. சார், உங்க டயரு வெள்ளிக்கிழமை விரதமா, காத்துகூடக் குடிக்க மாட்டேங்குது என்றேன். சிரித்துவிட்டு எழுதிப் போட்டார்.

சீட்டுகளில் இருந்தவை: 'எவன் ஜெயிச்சா என்ன, மழை பெய்யணும்.' 'மில் டீம் 3-0, என் மேஸ்திரி அதில் ஆடுகிறார், மாற்றி எழுதினால் வேலை போகும்.' ஒரு சீட்டில் ஒன்றும் எழுதாமல் ஒரு பூ படம்.

நானும் ஒரு சீட்டு போட்டேன். மில் டீம் 3-1. கோதை பேரிலும் ஒன்று போட்டேன். அவள் இருந்தால் எதை எழுதுவாள் என்று யோசித்து எழுதியது. அவள் எப்போதும் தோற்கிற பக்கம்தான். பாவம், பிள்ளைகள் எம்புட்டுத் தூரத்திலிருந்து வந்திருக்கும் என்பாள்.

மில் டீம் 3-1. எனக்கு நானே ஒரு பஞ்சர் இலவசம்.

மே 14, ஞாயிறு

புழுக்கம்.

என் கணக்கு: நாலு மேட்சு, நாலும் சரி. கோ. கணக்கு: நாலும் தப்பு.

டப்பாவுக்கு மேலே சிலேட்டுப் பலகை ஒன்று தொங்கவிட்டேன். ஜெயித்தவர்கள் டோக்கன் நம்பர் எழுத. கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. 'அண்ணாச்சி கணிப்பு' என்று என்னுடையதையும் எழுதி வைத்தேன். சும்மா ஒரு வேடிக்கைக்கு. உள்ளே நுழைகிற ஆள் எல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறான்.

இந்த ஒரு வருஷத்தில் இவ்வளவு பேர் என்னோடு பேசினது இல்லை. ஒன்பது மணிக்கு மேட்சு விட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் டோக்கனை நீட்டுவார்கள். அரை மணியில் மைதானம் காலி. கடைசியில் ஒரு சைக்கிள் நிற்கும். அந்த ஆள் மெதுவாக வரட்டும் என்று இருக்கும். இன்றைக்குக் கடைசி சைக்கிள் பேச்சியம்மாளுடையது.

பேச்சியம்மாள் மில்லுக்குச் சாப்பாடு கொண்டு போகிறவள். வீடு வீடாக டிபன் கேரியர் வாங்கி, சைக்கிளில் மாட்டி, பதினொரு மணிக்கெல்லாம் மில் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டே போவாள். ஓட்டத் தெரியாது. இருபத்திரண்டு கேரியர். அதற்கான கொக்கியெல்லாம் போன ஐப்பசியில் நான்தான் பற்ற வைத்துக் கொடுத்தேன். ஊரில் சோத்து வண்டி என்றால் தெரியும். சாயங்காலம் அவள் புருஷன் தங்கராசு அதை எடுத்துக்கொண்டு மேட்சுக்கு வருகிறான். கொக்கிகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிணுங்கிக்கொண்டே வருவதால் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

மே 16, செவ்வாய்

வெயில். வேப்ப மரத்தடிக்கு ஸ்டாண்டை நகர்த்தினேன்.

ஏழு மேட்சு, ஏழும் சரி.

ஐஸ் பேக்டரி சுப்பையா வந்தான். மைதானத்துக்குப் பின்னால் கிணற்றடியில் பந்தயம் பிடிப்பது அவன்தான். போன வருஷம் வரை நான் நின்ற இடம். சிலேட்டைப் பார்த்துவிட்டு, "ஏழு மேட்ச சரியாச் சொல்லிப்புட்டு பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கியே. கட்டியிருந்தா இந்நேரம் மாடி வீடு" என்றான். மாடி வீட்டில் யார் ஏறி இறங்க, எனக்கு மூட்டு வலி என்றேன். அவன் போனபிறகு ரொம்ப நேரம் கை சும்மா இருக்கவில்லை. தேவையே இல்லாமல் நாலு சைக்கிளுக்கு பிரேக் முறுக்கினேன்.

இன்னொன்று. 61-ஆம் நம்பர் சைக்கிளை விட்டது ஒரு கண்ணாடிக்காரர். எடுத்தது வேற ஆள். டோக்கன் கையில் இருந்தது, கொடுத்தேன். 118-ம் அப்படித்தான்.

மே 17, புதன்

அதே வெயில்.

தெரிந்துபோனது. கிணற்றடியில் கையில் காசு தீர்ந்தவர்கள் டோக்கனைக் கட்டுகிறார்கள். ஜெயித்தவன் டோக்கனை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து சைக்கிளை எடுத்துப் போகிறான். என் போர்டே அவர்களுக்குப் பத்திரம்.

எனக்கென்ன. டோக்கன் வந்தது, சைக்கிள் போனது. நான் பந்தயம் கட்டவில்லை. ஒரு பைசா தொடவில்லை. அதுதான் கோ. கேட்டது.

இப்படி எழுதினேன். எழுதினதைத் திரும்பப் படித்தால் வேற யாரோ எழுதின மாதிரி இருக்கிறது.

மே 19, வெள்ளி

மழை வந்துவிடும் போலிருந்தது, வரவில்லை.

அரையிறுதி. மில் டீமுக்கும் வத்திராயிருப்பு டீமுக்கும். சிலேட்டில் மில் டீம் 3-0 என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒன்பதும் சரியாகச் சொன்ன திமிர். ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போவது தெரிந்தது. தங்கராசுவும் பார்த்தான். "அண்ணாச்சி எழுதிட்டா அம்புட்டுத்தான்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது, மறைக்கவில்லை.

கோ. பேரில் வத்திராயிருப்பு 3-2. அவள் பிறந்த மகாராஜபுரம் பக்கத்துப் பயல்கள், வேற எதை எழுதுவாள்.

வத்திராயிருப்பு 3-2. கடைசி செட்டில் மில் பயல்கள் கால் தளர்ந்துவிட்டார்கள்.

கோ. சீட்டு முதல் தடவை சரி. என் சீட்டு முதல் தடவை தப்பு. அவள் எதிரில் இருந்தால் ரெண்டு நாள் சொல்லிக் காட்டுவாள் என்று நினைத்து சிரித்துக்கொண்டு இருந்தபோது சுப்பையா வந்து டோக்கனை நீட்டினான். 44. சோத்து வண்டி.

தெரிந்தது. டோக்கனைப் பார்த்த உடனே தெரிந்தது. ஆனாலும் வாய் கேலிதான் பேசியது. என்னப்பா, ஐஸை விட்டுட்டுச் சோறு கொண்டு போகப் போறியா என்றேன். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன், வண்டியை எடுத்துக் கொடுத்தேன். தங்கராசு தூரத்தில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மே 20, சனி

காலையில் இருந்தே அனல்.

பத்தரை மணி. பேச்சியம்மாள் கடைக்கு முன்னால் நடந்து போனாள். தலையில் கூடை, ரெண்டு கையிலும் கேரியர்கள். எண்ணினேன், பதிமூன்று. போய்விட்டுத் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தாள். மிச்சம் ஒன்பதுக்கு. ரெண்டாம் தடவை போகும்போது கடை வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

என்ன, வண்டிக்கு இன்றைக்கு லீவா என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பழக்கம்.

அவள் சத்தம் போடவில்லை. "டோக்கன் கொண்டாந்தவனுக்குக் குடுத்தீக. சரிதான். அது என் வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

தெரியும் என்றேன்.

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மில் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர்ந்தாளா தெரியவில்லை.

ஊசிக்கு அடியில் இருந்து ஜாக்கெட்டை உருவினபோது கோ. முகமும் இப்படித்தான் இருந்தது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு ஐஸ் பேக்டரிக்குப் போனேன். சோத்து வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. கொக்கிகளைச் சுப்பையா அறுத்து எறியச் சொல்லியிருந்தான், ஆள் இன்னும் வரவில்லை. என் வாடகை சைக்கிளில் ஒன்றைத் தருகிறேன், இதைக் கொடுத்துவிடு என்று கேட்டேன். ஏழாம் நம்பர். போன தை மாசம் வாங்கினது, இருப்பதிலேயே புதுசு; அதில்தான் போயிருந்தேன்.

அவனுக்குப் புரியவில்லை. "சும்மாவா குடுக்க? ஏன், நாளைக்கு பைனலு இருக்குல்ல. ஏழாம் நம்பரக் கட்டு. செயிச்சியன்னா சோத்து வண்டியும் ஒனக்கு, ஒஞ் சைக்கிளும் ஒனக்கு. பத்து மேட்சுல ஒன்பது சொன்ன ஆளு நீ" என்றான்.

நாளைக்கு வத்திராயிருப்பும் கோவில்பட்டியும். வத்திராயிருப்பு ஜெயிக்கும். 3-1. இதை எந்தச் சிலேட்டிலும் எழுதவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன். கோவில்பட்டியில் உயரமான ஆளுக்குத் தோள் பிடித்திருக்கிறது. கையைத் தூக்கும்போது முகம் சுளிப்பதை ரெண்டு நாளாகப் பார்க்கிறேன். வேற யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

சுப்பையா காத்துக்கொண்டு நின்றான். கட்டினால் நல்ல காரியத்துக்குத்தானே, பேச்சியம்மாளுக்காகத்தானே, கோதைக்கே சொன்னாலும் தப்புச் சொல்ல மாட்டாள். இவ்வளவும் ஒரு நிமிஷத்தில் மனசு சொன்னது. தையல் மிஷினைக் கட்டும்போதும் இப்படித்தான், அவளுக்குப் பெரிய மிஷினாக வாங்கிக் கொடுக்கத்தான் கட்டுகிறேன் என்று சொன்னது. அதே குரல்.

ஏழாம் நம்பரை அவன் சுவரில் சாய்த்துவிட்டுச் சோத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஓட்டவில்லை. கிணிங் கிணிங் என்று வந்தது. பேச்சியம்மாள் வீட்டில் தங்கராசு இருந்தான், என்னைக் கண்டதும் பின்பக்கம் போய்விட்டான். அவள் கொக்கிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். எப்படி வாங்கினீக என்று கேட்டாள். மாற்றிக்கொண்டேன் என்றேன்.

சிலேட்டில் என் கணிப்பை அழித்துவிட்டேன்.

மே 21, ஞாயிறு

பைனல். வெயில் தாழ்ந்தபின் நல்ல காற்று.

இன்றைக்கு சைக்கிள் விடும்போதே பேர் கேட்டு டோக்கன் நம்பருக்கு நேரே எழுதினேன். எடுக்கும்போதும் பேர் சொல்ல வேண்டும், முகமும் சரியாக இருக்க வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் சைக்கிள். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. என் எழுத்து வேகம் அப்படி. "அண்ணாச்சி, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், பேரு ஊரெல்லாம் கேக்கீக" என்று ஒருத்தன். உன் மூஞ்சிக்கு சைக்கிளே அதிகம் என்றேன். கமிட்டிக்காரர் வந்து என்னய்யா இது புது வழக்கம் என்று கோபித்தார். அடுத்த வருஷம் ஸ்டாண்ட் எனக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

கிணற்றடியில் ஒரு டோக்கன்கூட ஓடவில்லையாம். சுப்பையா ஏழாம் நம்பரில் வந்து, என்னிடமே அதை விட்டு, பேரும் சொல்லி டோக்கன் வாங்கிப் போனான். மட்காடில் என் பேரும் கடைப் பேரும் மஞ்சள் பெயிண்டில். நானே எழுதினது. 'ர'வுக்குக் கால் கொஞ்சம் கோணல்.

வத்திராயிருப்பு 3-1.

சுற்றி எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீட்டு நூற்றுப் பத்து. 3-1 என்று சரியாகச் சொன்னவர்கள் ஆறு பேர். மொத்தத்தில் ஓவராயிலிங் ஜெயித்தது அந்த வாத்தியார். காசில்லாமல் ஜெயித்தாலும் மனுஷன் குதித்ததைப் பார்க்க வேண்டும், வேட்டி அவிழ்ந்துவிட்டது.

முடிந்தது. பத்து நாள். ஒத்தப் பந்தயம் கட்டவில்லை.

மே 22, திங்கள்

மூங்கில் பிடுங்கினேன். குழிகளை மூடினேன்.

நாளைக்குக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர். வெள்ளைச் சட்டை துவைத்துப் போட்டிருக்கிறேன். முடி வெட்டிக்கொண்டேன். வீடு பெருக்கினேன். மிஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் இன்னும் இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அதன்மேல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

மே 23, செவ்வாய்

சைக்கிளில் போனேன். எதிர்காற்று.

கோ.வின் அண்ணன் ரெங்கசாமி மச்சான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வாங்க மாப்ள என்றார், சிரிக்கவில்லை. தண்ணீர் வந்தது. பிறகு அவரே ஆரம்பித்தார். நேற்றுச் சாயங்காலம் தேரடியில் ஒரு சைக்கிள் நின்றது, மட்காடில் உங்கள் பேர், ஏழாம் நம்பர், வாடகைக்கு எடுத்ததா என்று கேட்டேன், இல்லை என் சொந்தம் என்றான் அந்த ஆள் என்றார் மச்சான். வாலிபால் மேட்சில் வந்தது என்றானாம். சுப்பையாவுக்கு அப்படிச் சொன்னால்தானே பெருமை.

நடந்ததை எல்லாம் சொன்னேன். டப்பா, சிலேட்டு, 44-ஆம் டோக்கன், பேச்சியம்மாள். மச்சான் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பந்தயத்துல தோக்காம ஒருத்தன் புது சைக்கிளத் தூக்கிச் சும்மா குடுத்தான்னா, அது நீங்களா மாப்ள?" என்றார். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கோதை உள்ளே இருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். இளைத்திருக்கிறாள். காதோரம் நரை. கையில் ஊசி நூல். கையால்தான் தைக்கிறாள்.

"பைனலுக்கு முன்னயே குடுத்தீகளா, பின்னயா?"

முன்னே என்றேன். சனிக்கிழமை மத்தியானம்.

"யாரு செயிப்பான்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

தெரியும் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. ஆனால் பொய் சொல்லத்தான் வரவில்லை.

"தெரிஞ்சும் கட்டல."

கட்டல.

என் முகத்தையே பார்த்தாள். நான் சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், வாய் ஒரு ஓரம் இழுத்துக்கொண்டது. பயத்தில் எனக்கு அப்படித்தான் ஆகும். அவளுக்கு அது தெரியும் என்றுதான் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க நெசம் பேசுதீகளா, வெளையாடுதீகளான்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்ல" என்றாள். "மிஷினத் தூக்கும்போதும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னீக."

உள்ளே போய்விட்டாள். மச்சான் சாப்பிட்டுப் போகச் சொன்னார். பசியில்லை என்று வந்துவிட்டேன். பாதி வழியில் பசித்தது.

மே 24, புதன்

வெயில். கடை.

ஒருத்தர் கேட்டார்: அண்ணாச்சி, அடுத்த மாசம் கபடிப் போட்டி இருக்கே, டப்பா வைப்பீகளா, சிலேட்டு உண்டா? டப்பா உண்டு, சிலேட்டு கிடையாது என்றேன். நீங்கள் சொல்லாவிட்டால் ருசியே இல்லை என்றார். உங்கள் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், அவிய சொல்கிற டீம் தோற்கும், அதற்கு எதிர்டீமை எழுதுங்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினேன். அவர் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குப் பேசினவர்கள் மொத்தம் நாலு பேர். அதில் ஒருத்தர் பம்ப் கேட்டவர்.

பருப்பு தீர்ந்தது.

மே 25, வியாழன்

மத்தியானம் சின்னத் தூறல். மண் வாசனை மட்டும்.

நாலு மணிக்குப் பேச்சியம்மாள் காலிக் கேரியர்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினாள். "ஒங்க வீட்டம்மா வந்திருந்தாவளே, பாத்தீகளா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

கோதை காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள். கடைக்கு வரவில்லை, வீட்டுக்கு வரவில்லை. நேராக மில் கேட்டுக்குப் போயிருக்கிறாள். சோத்து வண்டிக்காரி யார் என்று கேட்டு, பேச்சியம்மாள் வரும்வரை அங்கே புளியமரத்தடியில் நின்றிருக்கிறாள்.

என்ன கேட்டாள் என்றேன்.

"வண்டி எப்பிடித் திரும்பி வந்துச்சுன்னு கேட்டாவ. மாத்திக்கிட்டு வந்தாருன்னேன். எப்பன்னு கேட்டாவ. சனிக்கிழம மத்தியானம், சங்கு ஊதி ஒரு மணி நேரம் இருக்கும்னேன். சனிக்கிழமதானா, ஞாயித்துக்கிழம இல்லயேன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாவ. ஞாயித்துக்கிழம மில்லு லீவு, அன்னைக்கு எனக்கு வண்டி எதுக்குன்னேன்."

அதுக்கு என்ன சொன்னா?

"ஒண்ணும் சொல்லல. பொறவு கேரியர எடுத்துக் குடுக்க ஒத்தாச பண்ணுனாவ. நான் பேரு சொல்லச் சொல்ல அவிய எடுத்து நீட்டுனாவ. இருபத்திரெண்டும் தீர்ற வரைக்கும் இருந்துட்டுத்தான் போனாவ."

எப்போ போனா என்று கேட்டேன். ரெண்டு மணி பஸ் என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடலாமா என்று எழுந்தேன். மணி நாலேகால்.

பேச்சியம்மாள் போய்விட்டாள். நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ரெண்டு மணி பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்த மதுரை ரோட்டில்தான் போயாக வேண்டும், என் கடை வாசலை உரசிக்கொண்டு. எதிர்க்கடைக்காரர் வண்டி மறித்ததால் பஸ் இங்கே கொஞ்ச நேரம் நின்று ஹாரன் அடித்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் தண்ணீர்ப் பேசினில் டியூபை முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டை அகப்படவே இல்லை, ரொம்ப நேரம் தலை குனிந்தபடியே. ஹாரன் அடித்ததற்கு நிமிராமலே கையை மட்டும் ஆட்டினேன், போய்யா போ என்று.

அவள் உட்கார்ந்திருந்தது எந்தப் பக்கத்து ஜன்னலோ.